தெரசம்மாளின் பாட்டுப் பார்ட்டிஷன்

இது தவக்காலத்தின் முதல் வாரத்தில் நடந்ததா, இரண்டாம் வாரத்திலா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மலைமேல் இருக்கும் செண்பகனூரில் அன்று காலை கரண்ட் போய் வந்தது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. அங்கே கரண்ட் போகாத காலையை நான் கேள்விப்பட்டதில்லை.

"ஏங்க, பாட்டு மறுபடியும் பூட்டிக்கிருச்சு. கொஞ்சம் வாங்க."

மரியசூசை சார் புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடினார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். பேச வேண்டியதையெல்லாம் வகுப்பறையிலேயே பேசித் தீர்த்தாயிற்று, இனி வாசிப்பதும் சும்மா இருப்பதும்தான் என்று முடிவுகட்டியிருந்தார். அவர் மனைவி தெரசம்மாள் கோயில் பாடற்குழுவை நடத்துகிறவர். குழுவின் பாட்டெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன.

பழைய கம்ப்யூட்டர். தெரசம்மாளின் தங்கை மகன் டேனி பெருமாள்மலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவன்தான் அதில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டு, டிஸ்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து, ஒன்றைப் பாட்டுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தான். ஆன் செய்தால் முதல் பார்ட்டிஷன் தானாக வரும். பாட்டு வராது. அதைக் கிளிக் செய்து, சாருடைய பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் திறக்கும்.

சார் வந்து உட்கார்ந்து, "பி, ஏ, என், ஐ..." என்று ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டே தட்டினார். திறந்தது.

"இருமல் எப்படி இருக்கு?" என்று தெரசம்மாள் கேட்டார்.

"ம்."

"ராத்திரி காட்டெருமை வந்து பக்கத்துல கேரட்டையெல்லாம் மிதிச்சிருச்சாம்."

"ம்."

"இந்த ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி மாத்தணுங்க."

"பாப்போம்."

தினமும் இதே கதை. பாஸ்வேர்டு போடுவது ஒரு நிமிஷம். அப்புறம் எழுந்து வருவதற்குள் புத்தகத்தில் எங்கே விட்டோம் என்பதே மறந்துபோகும். அன்று சார் பொறுக்கமாட்டாமல் டேனிக்குப் போன் போட்டார்.

"ஆன் பண்ணும்போதே பாட்டும் தானா தெறக்கணும்ப்பா. வழி இருக்கா?"

"ஒரே ஒரு வரிதான் பெரியப்பா. எஃப்எஸ்டேப்னு ஒரு ஃபைல் இருக்கு. எந்த டிஸ்கு எந்த ஃபோல்டர்ல வந்து உக்காரணும்னு அதுல எழுதிட்டா, மெஷின் எந்திரிக்கும்போது அதுவே படிச்சு மாட்டிக்கிரும். வரியை வாட்ஸ்அப்ல அனுப்புறேன். அப்படியே அடிங்க."

சார் அடித்தார். அணைத்து மறுபடியும் ஆன் செய்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடி, ஓர் இடத்தில் நின்றுவிட்டன.

"எமர்ஜென்சின்னு போட்டிருக்கே" என்றார் தெரசம்மாள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

விளக்குமாறும் கையுமாக மகாராணி எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் வெகுகாலமாக வேலை செய்பவர். பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள்.

"ஆம்புலன்ஸுக்கு அடிக்கட்டுங்களா அம்மா?"

"உன் சோலியப் பாரு மகாராணி" என்றார் சார்.

டேனி போனில் ஆறுதல் சொன்னான். "வரியில ஏதோ தப்பு இருக்கு பெரியப்பா. நேர்ல பாத்துக்கிருவோம். இப்போதைக்கு வரிக் கடைசியில கமா போட்டு நோஃபெயில்னு சேருங்க. டிஸ்கை மாட்ட முடியலைன்னாலும் மெஷின் நிக்காம வந்துரும். வேற எதையும் தொட்டுறாதீங்க."

அந்த ஒரு சொல்லைச் சேர்க்க அந்தக் காலைப் பொழுது முழுக்கப் பிடித்தது. தெரசம்மாள் வாசிக்க, சார் தட்டினார்.

"அது கமா இல்லைங்க, ஸ்கிரீன்ல தூசி."

"தூசியைத் தொடைக்கக் கூடாதா?"

"நீங்க தொடைக்கலாம்ல? ஒரு கை சும்மாதான கெடக்கு."

ஒருவழியாகக் கம்ப்யூட்டர் எழுந்தது. பாட்டு ஃபோல்டரும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"டிஸ்குல பத்திரமாத்தான் கெடக்கு பெரியம்மா, இன்னும் மாட்டலை, அவ்வளவுதான். வரி சரியாகுற வரைக்கும் பாஸ்வேர்டு போட்டாலும் தெறக்காது" என்றான் டேனி. "புதன்கிழமை வெள்ளனே வந்துர்றேன்."

தெரசம்மாளால் புதன்கிழமை வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. ஈஸ்டருக்கென்று அவரே மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று இருந்தது. ஞாயிறன்று அதைக் குழுவின் நல்ல குரல்காரியான ஃபெமினாவைப் பாடவைத்துப் போனில் பதிவு செய்திருந்தார். ஃபெமினா மறுநாளே திண்டுக்கல் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மற்ற பிள்ளைகள் அந்தப் பதிவைக் கேட்டுத்தான் பழக வேண்டும். போனில் இடமில்லை என்று, பாட்டை அந்தக் காலி ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போனிலிருந்து அழித்துவிட்டார்.

புதன்கிழமை டேனி முதல் பஸ்ஸில் வந்தான். ஃபைலைத் திறந்தான். வரியை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தான்.

"பெரியப்பா, கமாவுக்கு முன்னால இதென்ன புள்ளி?"

"முற்றுப்புள்ளி."

"எதுக்கு?"

"நான் எழுதும்போது வரி அங்கனதான முடிஞ்சுச்சு. முடிஞ்சா வைக்க வேணாமா?"

டேனி புள்ளியை எடுத்தான். திரும்ப ஆன் செய்ததும் பாட்டுப் பார்ட்டிஷன் தானாகவே திறந்தது. பழைய பாட்டெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"ஃபெமினா பாட்டு எங்கப்பா?" என்றார் தெரசம்மாள்.

இல்லை. மேலும் கீழும் தேடினார்கள். எங்கும் இல்லை. தெரசம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார்.

வீட்டில் மௌனம் வந்து உட்கார்ந்தது. இத்தனை நாள் சார் ஆசைப்பட்டது அதைத்தான். பக்கத்தில் வந்து பார்த்தபோது அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஏலே டேனி, எதையாவது செய்யி. வெரசா."

டேனி நெற்றியைத் தேய்த்தான். "பெரியம்மா, பாட்டை நீங்க எப்பப் போட்டீங்க? ஃபோல்டர் காலியா இருந்தப்பவா?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"அப்படின்னா பாட்டு எங்கயும் போகலை. கட்டில்ல ஒரு சாவியை வச்சிட்டு மேல மெத்தையை விரிச்ச மாதிரி. ஃபோல்டர் கட்டில், டிஸ்கு மெத்தை. சாவி அடியில இருக்கு."

பார்ட்டிஷனைக் கழற்றினான். அடியில் ஃபெமினாவின் பாட்டு இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, பார்ட்டிஷனை மறுபடி மாட்டி, உள்ளே போட்டு ஓடவிட்டான். அந்தக் குரல் கேட்டதும் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே மலையை மூடிய மஞ்சுப் பனியைப் பார்க்கிறவர் போல நின்றார்.

"இனிமே ஆன் பண்ணாப் போதும் பெரியம்மா. பெரியப்பாவைக் கூப்பிடவே வேண்டாம்."

"சரிப்பா" என்றார் தெரசம்மாள். டேனி எதிர்பார்த்த அளவு சந்தோஷம் அந்தக் குரலில் இல்லை.

மறுநாள் கரண்ட் போய் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. சார் நிம்மதியாக வாசித்தார். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் எழுந்துபோய் அறை வாசலில் நின்றார்.

"ஏதாவது வேணுமா?"

"இல்லைங்க. அதுவே தெறந்துருச்சு."

அதற்கு மறுநாளும் அதுவே திறந்தது. சாயங்காலம் தெரசம்மாள் கோயிலுக்குப் பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து, சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். டேனி சரிசெய்து கொடுத்த அந்த வரியை, தன் கையாலேயே, சுத்தமாக அழித்தார்.

காலையில் குரல் வந்தது. "ஏங்க, பாட்டு மறுபடியும்..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சார் வந்து உட்கார்ந்துவிட்டார். "இந்த லினக்ஸே இப்படித்தான் தெரசா" என்றார், முகத்தில் ஒன்றும் காட்டாமல். எழுத்தெழுத்தாகத் தட்டினார். திறந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "ஆமா, அந்தக் காட்டெருமை மறுபடி வந்துச்சா?"

ஈஸ்டருக்குப் பிள்ளைகள் புதுப் பாட்டைப் பிசகில்லாமல் பாடினார்கள். ஃபெமினா லீவு போட்டு வந்து முன்வரிசையில் நின்று பாடினாள். டேனி இன்னும் பெருமாள்மலையில்தான் கடை வைத்திருக்கிறான். தன் வரிக்கு என்ன ஆயிற்று என்பது அவனுக்குத் தெரியாது. ஜன்னலுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலிகள் கிடக்கின்றன.

அப்படி ஒரு காலையில் தெரசம்மாள் காபி போட உள்ளே போனபோது, அறையைக் கூட்டிக்கொண்டிருந்த மகாராணியிடம் சார் மெல்லிய குரலில் பெருமைப்பட்டுக்கொண்டார். "பாத்தியா மகாராணி, நான் இல்லேன்னா உங்க அம்மாவுக்கு இந்தப் பெட்டி தெறக்காது."

மகாராணி குனிந்த தலை நிமிரவில்லை.

"போன தையில ஐயா உங்க தம்பி வீட்டுக்குப் போயிருந்த நாளெல்லாம் அம்மாவே தட்டித் தெறந்துக்கிட்டாங்களே. ஐயா வீட்டுல இருந்தாத்தாங்க அது தெறக்காது."