பொட்டு வைத்த தெர்மோஸ்டாட்

பக்திமான் முட்டாளாக இருக்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதி வைக்கவில்லை. வைத்திருந்தால் என்னைக் கோயில் வாசலில் செருப்போடு செருப்பாக நிறுத்தியிருப்பார்கள்.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், பெயிண்ட் ஷாப்பில் நான் ஓவன் பார்க்கிறவன். பெயிண்ட் அடித்த கார் உடம்பை உள்ளே விட்டுச் சுட்டு எடுப்பது என் வேலை. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றாலும், சூடு என்ற விஷயத்தில் எனக்கு மேல் ஆளில்லை என்று ஒரு நினைப்பு. (நினைப்புக்கு யார் பரீட்சை வைக்கிறார்கள்?)

என் மனைவி சாந்தியின் தம்பி மோகன், சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். சிறுத்தைப் பல்லி வளர்த்துக் குஞ்சு எடுக்க அவனுக்கு ஆசை. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, கொழுத்த வால், எப்போதும் சிரிக்கிற மாதிரி வாய். சுவரில் ஏறக்கூடத் தெரியாது. வெளிநாட்டுப் பல்லி என்பதால் வாங்க வேண்டிய அனுமதிக் காகிதமெல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருந்தான். ரூம் ஓனர்தான் "பல்லியா, நீயா, யாராவது ஒருத்தர்தான்" என்றுவிட்டார். அப்படித்தான் ஆறு பல்லியும் குன்றத்தூரில் எங்கள் ஹாலுக்கு, பூஜை அலமாரிக்கு எதிர்ச் சுவருக்கு வந்து சேர்ந்தன.

வரும்போது வீட்டோடு வந்தன. இரும்பு ரேக்கில் தட்டுக்குத் தட்டு, நாலு விரல் உயரத்தில், இழுப்பறை மாதிரி பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்கு மூடி கிடையாது, மேல்தட்டுதான் மூடி. தட்டின் பின்பக்கம் சூடேறும் பட்டை ஓடும். பின்பாதியில் சூடு, முன்பாதியில் குளிர்ச்சி; பல்லி வேண்டிய இடத்தில் படுத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் காவல், தெர்மோஸ்டாட் என்ற சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர், நுனியில் மல்லிகை மொட்டு அளவு சென்சார். அதைப் பட்டைக்கும் டப்பாவுக்கும் நடுவில் செருகியிருந்தான். மொட்டில் சூடு முப்பத்திரண்டு டிகிரியைத் தொட்டால் பெட்டி கரண்டை நிறுத்தும். குறைந்தால் திரும்ப விடும்.

"மாமா, வேற எத வோணா தொடு. இந்த ஒயர மட்டும் தொடாத. வள்ளி வயித்துல முட்ட கீது. ஒரு வருசமா இதுக்குத்தான் காத்துகினு கீறேன். சூடு ஏறுச்சுன்னா அதுவும் பூடும், முட்டையும் பூடும்."

வள்ளி என்பது பெண் பல்லி. (பெயர் வைத்தது நான். முருக பக்தன் வீட்டில் வேறென்ன பெயர் வைப்பது?) அதன் வயிற்றுத் தோலுக்குள் இரண்டு முட்டை வெள்ளையாகத் தெரியும்.

"டேய், காரையே சுட்டு எடுக்கறவன்டா நானு. ஆறு பல்லிக்கிச் சூடு காட்டத் தெரியாதா?" என்றேன்.

ஆயுத பூஜை வந்தது. மோகனுக்குக் காலை ஷிப்ட். நான் தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு, ஹாலில் வாழை இலை விரித்து, ஸ்பேனர், சுத்தியல், ட்ரில்லர், கத்தரிக்கோல், மகளின் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் பரப்பினேன். எங்கள் கம்பெனியில் ரோபோ முதல் தீயணைக்கிற சிலிண்டர் வரை பொட்டு வைக்காமல் எதையும் விட மாட்டோம். வீட்டில் மட்டும் விடுவேனா? ஒவ்வொரு டப்பாவையும் இரண்டு விரல் இழுத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். இழுத்ததைத் திரும்பத் தள்ளினேனா? அதற்கு அறிவு வேண்டும்.

அப்புறம் தெர்மோஸ்டாட் கண்ணில் பட்டது. அதுவும் கருவிதானே? இலையில் வைக்காவிட்டால் சரஸ்வதி என்ன நினைப்பாள்? ஆனால் கரண்டை நிறுத்தினால் வாயில்லா ஜீவன்களுக்குக் குளிரும். ஆகவே என் மகா மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. பிளக்கைப் பிடுங்காமல், பெட்டியையும் சென்சாரையும் மட்டும் இழுத்து வந்து இலைமேல் வைத்தேன். மொட்டுக்குச் சந்தனம் பூசி, குங்குமமும் வைத்தேன். பெட்டியில் உடனே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. அம்மன் அருள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அதற்குத் தனியாக ஒரு கற்பூரம் காட்டினேன்.

பிறகு ஈர வேட்டியை ரேக் காலடியிலேயே சுருட்டிப் போட்டுவிட்டு, பொங்கலும் சுண்டலும் தின்று, உள் அறையில் போய்ப் படுத்துவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து மோகன் வந்தான்.

"இன்னா மாமா, ஹால்ல இட்லி வேவுற மாதிரி அனலடிக்குது?" என்று டப்பாவுக்கு அடியில் கையை வைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஒவ்வொரு டப்பாவாக உருவினான். எல்லாம் காலி. இலையைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா... சென்சாருக்குப் பொட்டு வெச்சது யாரு?"

"ஆயுத பூஜைடா..."

"ஈர இலைல குந்திகினு அது 'குளுருது, இன்னும் சூடு வுடு'ன்னு சொல்லிகினே கீது மாமா! உங்க ஓவன் சென்சாரப் புடுங்கி கேன்டீன்ல வெப்பியா நீ?"

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

வீட்டையே புரட்டினோம். பிரிட்ஜுக்கு அடியில் இரண்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒன்று, துடைப்பத்துக்குள் ஒன்று, மகளின் ஸ்கூல் பைக்குள் ஒன்று. "நல்லவேளை டப்பாவ சரியா மூடல, சந்துல எம்பி வெளிய குதிச்சிகீது. மூடியிருந்தா அத்தினியும் வெந்திருக்கும்" என்றான் மோகன். என் ஒரு மடத்தனத்திலிருந்து இன்னொரு மடத்தனம் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது.

வள்ளியை மட்டும் காணோம். மோகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் "ஒரு வருசம் மாமா" என்று மட்டும் சொன்னான். முருகா, இந்த ஜீவனைக் காட்டிக்கொடு, மலையேறி வந்து மொட்டை போடுகிறேன் என்று மனசுக்குள் அழுதேன்.

அப்போது சாந்தி, "ஈர வேட்டிய இப்பிடிப் போடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? மாடு கூட..." என்றபடி வேட்டியின் நுனியைப் பிடித்தாள்.

"அக்கா, தூக்காத!"

மடிப்புக்குள்ளிருந்து கொழுத்த வால் நீட்டிக்கொண்டிருந்தது. மெல்லப் பிரித்தான். வள்ளி, பக்கத்தில் இரண்டு வெள்ளை முட்டை. முட்டையிட ஈரமான இடம் தேடுமாம். அந்த அனலில் ஈரமாக இருந்தது என் வேட்டி ஒன்றுதான். முட்டைகள் துணியோடு ஒட்டியிருந்தன. உருண்டால் உள்ளே கரு செத்துவிடும் என்றான். துணியோடு வெட்டி எடுக்க, இலையில் இருந்த கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினான்.

"இன்னிக்கி ஆயுதத்தத் தொடக் கூ..." என்று ஆரம்பித்தேன். அக்காவும் தம்பியும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்கள். கத்தரிக்கோலை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு முட்டை பூஞ்சை பிடித்துப் போனது. இன்னொன்று பொரிந்தது. மோகன் அதற்கு வேட்டியான் என்று பெயர் வைத்தான். எனக்கு மொட்டை, வேண்டுதலை மறக்கவில்லை.

இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு மோகன் லீவு போட்டு வந்துவிடுகிறான். சந்தனக் கிண்ணத்தை எடுத்து முதல் பொட்டை என் நெற்றியில் வைத்து, ஸ்பேனருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறான். "எல்லாத்துக்கும் இன்னிக்கி ரெஸ்ட்டு. நீயும் எதையும் தொடாத மாமா." மகள் எனக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டுகிறாள்.

மறுநாள் விஜயதசமி. இலையிலிருந்து மற்ற கருவிகளை எல்லாம் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். என்னை மட்டும் இதுவரை யாரும் எடுக்கவில்லை.