முந்திரிக் கிளை மாமா

கடலூர்–சிதம்பரம் ரோட்டில் ஓடுகிற வண்டியைப் பார்த்துப் பயப்படாத ஆள் கிடையாது. நிற்கிற வண்டியைப் பார்த்து நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் கிளை மாமாதான். இத்தனைக்கும் அவர் லாரி டிரைவர். பண்ருட்டியில் முந்திரி மூட்டை ஏற்றும் அந்த லாரியில் அப்போது நான் லோடுமேன்.

வழியில் வண்டி நின்றுவிட்டால், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய ஒரு கிளையை ஒடித்துப் போடுவது எல்லா டிரைவர்களுக்கும் வழக்கம். மாமா வீட்டிலிருந்தே கிளை கொண்டுவருவார். டீ குடிக்க நிறுத்தினாலும் போடுவார். முதலில் வேப்பங்கிளைதான். ஆலப்பாக்கத்தில் ஆடுகள் அதைத் தின்றுவிட்டன. டீ குடித்துவிட்டு வந்தால் வெறும் குச்சி. அந்தக் குச்சியை நம்பியா உட்கார்ந்திருந்தோம் என்று அன்று முழுக்கப் புலம்பினார். மறுநாளிலிருந்து ஆடு சீண்டாத முந்திரிக் கிளை.

கிளை பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல். புறப்படும்போது கல்லை எடுக்காவிட்டால் பைக்கில் வருகிறவன் விழுவானே என்று அது வேறு பயம். ஒருமுறை பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும் சந்தேகம் வந்து, லோடோடு லாரியைத் திருப்பினார். போய்ப் பார்த்தால் ரோட்டில் கல் இல்லை. எவனோ விழுந்து எழுந்து தூக்கி எறிந்திருக்கிறான் என்று அவருக்கு வியர்த்துவிட்டது. கல் அவர் சீட்டுக்குக் கீழேதான் இருந்தது. சொல்லக் கூச்சப்பட்டு, காலால் நகர்த்திக் காட்டினேன்.

ஒரு மார்கழி விடியலில் முட்லூர் அருகே பின் டயர் பஞ்சர். எதிரே இருப்பது தெரியாத பனி. மாமா லாரியை ஓரம் கட்டி, இண்டிகேட்டர்களை மினுக்கவிட்டு, கிளையோடு பனிக்குள் நடந்தார். ஆளே மறைந்துபோனார். நான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு டயர் பக்கத்தில் குந்தினேன். திரும்பி வந்தவர் என் காலரைப் பிடித்து இழுத்தார்.

"பள்ளத்துக்கு அந்தாண்ட போய் நில்லுடா."

"டயர கழட்டிடலாம் மாமா. லேட்டாவுது."

"நாமதான்டா நின்னுட்டோம். ரோடு நிக்கல."

ஈரப் புல்லில் நின்றோம். யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்பதுதான் என் கவலை. அப்போது பனிக்குள் ஒரு வேன் சத்தம். குறையாத வேகம். மாமா என் கையைப் பிடித்தார். தூரத்தில் கிளை நொறுங்கியது. உடனே பிரேக் கிறீச்சிட்டது. வேன் வளைந்து, நான் குந்தியிருந்த இடத்தின்மேல் ஏறி, லாரியை உரசாமல் தள்ளிப் போய் நின்றது. ஜாக்கி நசுங்கிக் கிடந்தது.

வேன் டிரைவர் இறங்கி வாயைத் திறப்பதற்குள் மாமா அவரையும் இழுத்துவந்து பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார். பிறகு நொறுங்கியதில் மிஞ்சிய கிளையைப் பொறுக்கி மறுபடி ரோட்டில் வைத்துவிட்டு வந்தார். பனி விலகும்வரை மூன்று பேரும் வரிசையாக நின்றோம். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது நான் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். மாமா கிள்ளை ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். போனால் முதலில் நலம் விசாரிக்க மாட்டார். நேராக வண்டிக்குப் பின்னால், நான் போட்டிருக்கும் கிளையிடம் போவார்.

"இம்மாங் கிட்ட போட்டா எவனுக்குடா தெரியும்?"

கிளையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை போய் வைத்துவிட்டு வந்துதான், "நல்லாருக்கியா மாப்ள" என்பார்.

மற்ற இடங்களில் தள்ளித்தான் போடுகிறேன். அவர் வீட்டு வாசலில் மட்டும் கிட்டத்தில் போடுவேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்து போவதைப் பார்க்க வேண்டும்.