மூன்று காத்தாடிக் கார்டும் மாமா வாங்காத கயிறும்

தெரியாது என்று சொல்வதற்கு ஒரு வயது இருக்கிறது. ஐந்து வயதில் சொல்லலாம், அறுபது வயதில் சொல்லலாம். நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணம் ஆகாத அந்த இடைவெளியில் மட்டும் ஓர் ஆண்பிள்ளையால் சொல்லவே முடியாது. பெண் வீட்டில் என்ன கேட்டாலும் "அதுக்கென்னுங்க, பாத்துக்கலாமுங்க" என்றுதான் வாய் திறக்கும். என் வாயும் திறந்தது. அதனால்தான் இன்றுவரை நான் ஒரு பை வாங்கினாலும் வீட்டில் நாலு பேர் சிரிக்கிறார்கள்.

முதலில் என் கம்ப்யூட்டர் அறிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாநில எல்லையோரம் இருக்கும் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை. லாரி வந்து நிற்கும். நம்பரை அடிப்பேன். எடை வரும். சீட்டைக் கிழித்து டிரைவர் கையில் கொடுப்பேன். அவ்வளவுதான். பெண் பார்க்கப் போன அன்று என் தாய்மாமன் பொன்னுச்சாமி, "பையனுக்குக் கம்ப்யூட்டர்லதானுங்க வேலை" என்றார். அது பொய்யில்லை. மேஜை மேல் இருப்பது கம்ப்யூட்டர்தான். ஆனால் அந்த வார்த்தை பெண்ணின் ஊரான கொழிஞ்சாம்பாறையை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் வளர்ந்துவிட்டது. என் வருங்கால மாமனார் ஊரெல்லாம் "எங்க மாப்பிள்ளை கை வெச்சா எந்தக் கம்ப்யூட்டரும் பேசுமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். (என் கை வைத்து இதுவரை பேசியது எடைமேடை மட்டும்தான். அதுவும் மழை நாளில் பேசாது.)

எங்கள் பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளை மச்சினனுக்கு மோதிரம் போடுவது வழக்கம். எனக்கு வாய்த்த மச்சினன் கோகுல், கல்லூரியில் படிக்கிறவன். நிச்சயம் முடிந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவின் மேல் உயிர், அதனால் அக்காவைக் கொண்டுபோகிறவன் மேல் கடுப்பு. எனக்கு நிச்சயமான ரேவதியே போனில் சொல்லிவிட்டாள்: "கோகுலுக்கு உங்களைப் புடிச்சிருச்சுன்னா எனக்கு வேற ஒரு கவலையுமில்லீங்க."

அப்படிப்பட்டவன் ஒரு நாள் தானாகவே கூப்பிட்டான்.

"மச்சான், மோதரம் வேண்டாமுங்க. ஒரு கிராபிக்ஸ் கார்டு எடுத்துக் குடுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்க டீமுக்குக் கம்ப்யூட்டர் கேம் போட்டி இருக்குது. என்ற கம்ப்யூட்டர்ல படம் நின்னு நின்னு வருது, எதிராளி வாறதுக்குள்ள நாஞ் செத்துப் போயர்றேன். இந்தத் தடவையும் இப்பிடி ஆச்சுன்னா டீமை உட்டுத் தூக்கிருவாங்க. கோயமுத்தூர்ல ஒரு கடையில பழைய கார்டு ரெண்டு இருக்குதாமா. எது நல்லதுன்னு நீங்களே பாத்து எடுங்க. உங்குளுக்குத் தெரியாததா?"

"அதுக்கென்னப்பா, பாத்துக்கலாம்" என்றேன். போனை வைத்த பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு என்றால் என்னவென்று தேடிப் பார்த்தேன்: திரையில் படம் நிற்காமல் ஓடக் கம்ப்யூட்டருக்குள் செருகுகிற பலகையாம்.

ஒன்றின் பெயர் எழுநூற்று எண்பது. இன்னொன்று ஆயிரத்து ஐம்பது, பின்னால் 'டி.ஐ.' என்று ஒரு வால். எண்ணில் பெரியது நல்லது என்று நான் நிம்மதியாக முடிவு செய்திருந்த நேரத்தில், இணையத்தில் முதல் வீடியோக்காரர் வந்து, எண்ணில் சின்னதுதான் அந்தக் காலத்து ராஜா என்றார். சரி, ராஜாவையே எடுப்போம் என்றால் இரண்டாமவர், ராஜாவுக்கு மெமரி மூன்று ஜிபி, வால்காரனுக்கு நான்கு என்றார். மூன்றாமவர், மெமரி கிடக்கட்டும், அது போய்வரும் பாதை ராஜாவுக்குத்தான் மூன்று மடங்கு அகலம் என்றார். நான்காமவர், ராஜா தின்கிற கரண்டில் வால்காரன் மூன்று பேரை வளர்க்கலாம் என்றார். பழைய விளையாட்டென்றால் அது முந்தும், புது விளையாட்டென்றால் இது முந்தும், ராஜாவுக்குக் கம்பெனியே இப்போது மென்பொருள் கொடுப்பதில்லை, ஆனாலும் ராஜா ராஜாதான் என்று ஒருவர் அழாத குறையாக முடித்தார். விலையிலாவது வித்தியாசம் இருந்தால் அதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. எனக்குத் தலை கிறுகிறுத்தது. எடைமேடைக்கு வந்த திருச்சூர் லாரி டிரைவரிடம் புலம்பினேன். அவர் சீட்டை வாங்கிக்கொண்டே "ரண்டும் கணக்கா" என்றார். இரண்டும் ஒரே லட்சணம்தான் என்று அர்த்தம். அத்தனை பேரிலும் அவர் ஒருவர்தான் எனக்குப் புரிகிற மாதிரி பேசினார்.

கடைக்குப் போகும்போது பொன்னுச்சாமி மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் உழவு மாடோ கறவை மாடோ மாமா இல்லாமல் வாங்கியதில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் மாமா ஒரு மாட்டைத் தட்டிப் பார்த்து வேண்டாமென்றால், அதன் பிறகு அதை வாங்க ஆள் வராது. கார்டு வாங்குகிற இடத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் நின்றால் நமக்குத் தெரியாதது வெளியே தெரியாது என்று எனக்கு ஓர் எண்ணம்.

கடைக்காரர் நல்ல மனிதர். இரண்டு கார்டையும் மேஜை மேல் வைத்தார். ராஜா, சூடு தணிக்க மூன்று குட்டிக் காத்தாடியோடு முழங்கை நீளத்துக்குக் கிடந்தது. மற்றது ஒற்றைக் காத்தாடியோடு உள்ளங்கையில் அடங்கியது.

"உங்க பவர் சப்ளை எத்தனை வாட்டுங்க?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க" என்றேன். (இருந்தது உண்மைதான். அவர் கேட்டது எத்தனை என்று.)

மாமா பெரியதைக் கையில் எடுத்தார். தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருந்த முனைகளைக் கட்டைவிரலால் தடவினார். "பல்லு தேஞ்சிருக்குதே. நெம்ப ஓட்டியிருக்கறாங்க."

"பல்லுங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஆனா எலும்பு கெட்டி" என்று மாமா கார்டின் முதுகில் தட்டினார். "அது கன்னுக்குட்டி. இதென்ன வேலைக்காகும்?"

நானும் இரண்டு கையிலும் இரண்டையும் ஏந்தினேன். நாள் முழுக்க எடை பார்க்கிறவன் கை பொய் சொல்லாது அல்லவா? பெரியது நிச்சயமாக நான்கு மடங்கு கனம். அதே விலைக்கு நான்கு மடங்கு சரக்கு! வீடியோக்காரர்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க, உங்குளுக்குச் சின்னதே போதுமுங்க" என்று கடைக்காரர் சொன்னதும் மாமா என்னை ஓரமாக இழுத்தார். "விக்கறவன் எதைத் தலையில கட்டப் பாக்கறானோ அதைத் தொடவே கூடாது மாப்ள." அத்தோடு ஆயிரத்து ஐம்பதின் கதை முடிந்தது. மாமா தோள் துண்டை எடுத்துக் கடைக்காரர் கை மேல் போட்டு, அடியில் அவர் விரல்களைப் பிடித்தார். சந்தையில் அப்படித்தான் பக்கத்திலிருப்பவனுக்குத் தெரியாமல் விலை பேசுவார்கள். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பயப்படாதீங்க, வெலைதான் பேசறாரு" என்றேன். பயத்திலேயே மனிதர் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். நான் போய் வண்டியை எடுத்தேன், மாமா கார்டை வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். "எல்லாம் மொறைப்படி முடிச்சாச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழிஞ்சாம்பாறையில் மாமனார் வீட்டில் விருந்து போல ஏற்பாடு. என்னோடு வந்த மாமாவும் அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், மாப்பிள்ளை கம்ப்யூட்டரைப் பேச வைப்பதைப் பார்க்க. கோகுல் என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். ரேவதி செல்போன் வெளிச்சத்தைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் காட்டினாள். அவ்வளவு அருகில் அவள் நின்றது அன்றுதான் முதல் முறை.

கார்டு பெட்டிக்குள் போகவில்லை. நீளம் அதிகம். இதை நான் எதிர்பார்த்ததுதான் என்கிற முகத்தோடு கட்டிங் பிளேயர் கேட்டு வாங்கிப் பெட்டியின் தகரத்தை வெட்டினேன். மாமனார் "பாத்துக்குங்க, எப்பிடி வெட்டறாருன்னு" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். வெட்டி, வளைத்து, அழுத்தி, ஒரு வழியாக உட்கார வைத்து, சுவிட்சைப் போட்டேன்.

காத்தாடிகள் ஒரு துள்ளுத் துள்ளி நின்றன. திரை கறுப்பு. மறுபடி போட்டேன். கறுப்பு.

"வோல்டேஜ் பத்தலீங்க" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே காரணம் அதுதான். உடனே தோட்டத்து மோட்டாரை நிறுத்தினார்கள். கறுப்பு. ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் நின்றன. கறுப்பு. சமையலறையில் பாதி அரைபட்ட மாவோடு கிரைண்டர் நின்றது. வருங்கால மாமியார் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க மாப்பிள்ள, நாங்களும் மூச்சு உடறதை நிறுத்தோணுமுங்களா?" என்று அவர் கேட்கவில்லை. ஆனால் முகம் அதைத்தான் கேட்டது. பிறகு அவரே ஏதோ கண் பட்டுவிட்டதென்று உப்பும் மிளகாயும் எடுத்துக் கம்ப்யூட்டருக்குச் சுற்றிப் போட்டார். நெடியில் எல்லோரும் இருமினோம், திரை மட்டும் அசையவில்லை. நேரம் மூன்று மணியைத் தாண்டியது. கோகுல் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கடைசியில் ரேவதிதான் மெதுவாகச் சொன்னாள்: "கடைக்காரருக்கே ஒரு போன் போட்டுப் பாக்கலாமுங்களா?"

போட்டேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மாமனார் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"கரண்டு ஒயரு ரெண்டு குடுத்தனே, அதைக் கார்டுல மாட்டிட்டீங்களா அண்ணா?" என்றது போன்.

"எந்த ஒயரு?"

"அது மாட்டலீன்னா அந்தக் கார்டு எப்பிடி ஓடும்? நாங் கவருக்குள்ள போட்டுத்தான் குடுத்தனுங்க. உங்க மாமாதான் வெளிய எடுத்து மேஜை மேலயே வெச்சுட்டுப் போனாரு. கயித்தோட வாங்கக் கூடாதுன்னாரு. ஏதோ வேண்டுதல் போலன்னு நானும் உட்டுட்டேன்."

அத்தனை தலைகளும் மாமா பக்கம் திரும்பின. மாமா துளிகூட அசரவில்லை.

"பின்னே? மாடு வித்தாக் கயிறு வித்தவனுக்குத்தான் சொந்தம். அவன் பட்டியோட லச்சுமி அது. வாங்கறவன் புதுக்கயிறு கொண்டு போயிப் புடிச்சுட்டு வரோணும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ புதுசு வாங்கி வெச்சிருப்பீன்னு நெனச்சேன். வாங்கலையா?" என்றார்.

சரி, இப்போதாவது எல்லோரும் மாமாவைத் திட்டுவார்கள் என்று பார்த்தால், என் மாமனார் தாடையைச் சொறிந்துகொண்டு "அவுரு சொல்றதும் நாயந்தானுங்களே" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் "மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க" என்றார். அங்கிருந்த எல்லோர் வீட்டிலும் மாடு இருந்தது. கடைசியில் புதுக்கயிறு இல்லாமல் கார்டு பிடிக்கப் போன முட்டாள் நான்தான் என்று சபை ஒருமனதாகத் தீர்மானித்தது. எனக்கே ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது, அதுதான் கொடுமை.

"ஒயரு மாட்டுனாலும் உங்க பவர் சப்ளை தாங்குமான்னு சந்தேகந்தானுங்க. அதைக் கொண்டாங்க, சின்னதையே தாரேன். கடையிலதான் இருக்கறேன்" என்றார் கடைக்காரர். கோகுலைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேலந்தாவளம் வழியாக வண்டியை விரட்டினேன்.

எல்லைச் சோதனைச் சாவடி தாண்டியதும் அவன் என் காதருகே கேட்டான். "மச்சான், ஒண்ணு கேக்கட்டுங்களா? நெசமாலுமே உங்குளுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

அதற்கு மேல் இழுக்க எனக்குத் தெம்பில்லை. "தெரியாதுப்பா. லாரி நம்பர் அடிக்கத் தெரியும்."

சிரிக்க ஆரம்பித்தான் பாருங்கள், வண்டியே ஆடியது. "அப்பறம் எதை வெச்சு மச்சான் அந்தக் கார்டை எடுத்தீங்க?"

"கனமா இருந்துச்சு."

கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை சிரித்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தான்.

சின்னக் கார்டுக்குத் தனி ஒயர் ஒன்றும் தேவையில்லை. அப்படியே செருகினோம், திரை பளிச்சென்று வந்தது. "கயிறே வேண்டாத மாடு" என்று மாமா அதற்கும் ஒரு பாராட்டு வைத்தார். ஆனால் நாங்கள் திரும்பி வருவதற்குள் போட்டி தொடங்கி, கோகுல் இடத்தில் வேறொருவனை வைத்து ஆடி, டீம் தோற்றும் போய்விட்டது. அதுதான் அவனைக் காப்பாற்றியது. அவன் இல்லாமலே தோற்றதால் பழியெல்லாம் அந்த வேறொருவன் மேல் போய், கோகுல் டீமிலேயே இருந்துவிட்டான். நான் வெட்டிய தகர ஓட்டை வழியாக இன்றும் ஒரு பல்லி போய் வருகிறது.

அந்த இரண்டில் எது உசத்தி என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. போன மாதம் வாஷிங் மெஷின் வாங்கி வந்தபோது மாமனார் போனில் முதலில் கேட்டது, "கயிறு வாங்குனீங்களா மாப்பிள்ள?" மிக்ஸியோ செல்போனோ, எது வாங்கினாலும் இதே கேள்விதான். என் மகள்கூடக் கேட்கிறாள், அவளுக்கு என்ன ஏதென்றே தெரியாது.

இந்தக் கயிற்றுக் கேலி முதன்முதலில் சபையேறியது எங்கள் கல்யாணத்தில். தாலித் தட்டு எல்லோர் கையும் தொட்டு ஆசீர்வாதம் வாங்கி மேடைக்கு வந்தது. மஞ்சள் கயிற்றை நான் கையில் எடுத்த நேரம் பார்த்து, பின்னால் நின்ற கோகுல் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "பரவால்லீங்க மச்சான், இந்தத் தடவை புதுக்கயிறு கொண்டாந்துட்டீங்க!"

மண்டபமே சிரித்தது. மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவமானத்தில் எனக்கு முடிச்சே விழவில்லை, விரல் எங்கெங்கோ போனது. குனிந்த தலை நிமிராமல் ரேவதி எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

"பதறாமக் கட்டுங்க. வாங்கறவ நானு. பல்லைக்கூடப் பாக்காமத்தான் வாங்கறேன்."