இடிநாக்கு வாளும் கண்ணாடிக்கடை ஷட்டரும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. முதலில் "அன்புள்ள மாப்பிள்ளை" என்றுதான் எழுதினேன். பிறகு யோசித்துப் பார்த்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இவ்விடம் நான் நலம். என் முழங்கால் வலியும் நலம், என்னை விட்டு எங்கும் போகவில்லை. தங்கள் அக்காவும் நலம்தான் போலிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டம்மாவிடம் போனில் சொன்னது காதில் விழுந்தது. அவ்விடம் தாங்கள், தங்கள் மனைவி, தங்கள் கண்ணாடிக்கடை, கடையின் ஷட்டர் எல்லாரும் சௌக்கியம்தானே?

ஷட்டர் என்றதும் தங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும். இந்தக் கடிதம் நாளைக்கு யார் கையிலாவது கிடைத்தால் நியாயம் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கும் தெரியவேண்டும், அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். நாம் இருவரும் பதினைந்து வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கும் ஏழு பாக நாவலில் நீலவாயில் என்று ஒரு ராஜ்யம். இடிநாக்கு என்ற வாள் கோட்டைக்குள் இருக்கும்வரை அந்த ராஜ்யத்தை யாரும் அசைக்க முடியாது. ஐந்தாம் பாகம், நாற்பத்தோராம் அத்தியாயத்தில் எதிரிகள் வருகிறார்கள். மேலேயிருந்து இறங்கும் கோட்டைக் கதவு, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நின்றுபோகிறது. அதன் அடியில் ஊர்ந்து வந்து எதிரிகள் ராஜ்யத்தைப் பிடித்துவிடுகிறார்கள். வாளையும் காணோம், தளபதியையும் காணோம். ஏழாம் பாகத்தின் கடைசி வரியில் ராஜா "வாள் எங்கே?" என்று கேட்கிறார். அதோடு முற்றும் போட்டுவிட்டு எழுதியவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார். நம் தூக்கம்தான் போச்சு.

தங்கள் கட்சி, தளபதி துரோகி என்பது. கண்ணாடிக்கடைக்காரர் அல்லவா, கண்ணை வைத்துத்தான் எல்லாவற்றையும் அளப்பீர்கள். முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில் முந்நூறு அடி தூரத்திலிருந்து ராஜாவின் மோதிரத்தை அடையாளம் கண்ட தளபதிக்கு, நாற்பத்தொன்றில் எதிரியின் தீப்பந்தம் எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டீர்கள். "மூணே அத்தியாயத்துல அவ்வளவு பவர் ஏறாது அத்தான், நான் எழுதிக் கொடுக்கிறேன்" என்று கண்ணாடிப் பவர் எழுதும் சீட்டுப் புத்தகத்தையே எடுத்துவிட்டீர்கள். அதனால் அவன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான், கதவை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினான், வாளை விற்றுவிட்டு ஓடிப்போனான் என்பது தங்கள் முடிவு.

நான் நாற்பது வருஷமாக ஷட்டர் மெக்கானிக். கதவு எதனால் நிற்கும் எதனால் நிற்காது என்று எனக்குத் தெரியாதா? தானாக நிற்கும் கதவு முழங்கால் உயரத்தில் நிற்காது, ஒன்று மேலே நிற்கும், இல்லாவிட்டால் தடாலென்று கீழே வரும். எதிரிகளில் சிலர் முன்பே உள்ளே புகுந்து, இறங்கிய கதவை மேலே ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். தளபதி என்ன செய்தான்? இடிநாக்கை உருவிக் கதவைத் தூக்கும் பல்சக்கரத்துக்குள் செருகிவிட்டான். கதவு முழங்காலோடு நின்றது. குதிரைப் படை வெளியிலேயே நின்றுவிட்டது, வந்தவனெல்லாம் வயிற்றால் ஊர்ந்துதான் வந்தான், அந்த அவகாசத்தில்தான் ராணி குழந்தைகளோடு தப்பித்தாள். வாளை எல்லாரும் கஜானாவிலும் சுரங்கத்திலும் தேடுகிறார்கள், அது பாவம் பல்சக்கரத்தில் சிக்கிக் கிடக்கிறது. கதவு நின்றுவிட்டால் உடனே கதவுக்குப் பக்கத்தில் நிற்பவனைத் திட்டுவது உலக வழக்கம். அந்த வழக்கத்தால் நான் பட்டது கொஞ்சமா? அதனால்தான் எனக்கு அந்தத் தளபதியைப் பற்றி ஒரு சொல் சொன்னால் பொறுக்காது.

இதைச் சொன்னபோது தாங்கள் என்ன சொன்னீர்கள்? "வாளைச் செருகினா சக்கரம் நிக்காது அத்தான், வாள்தான் உடையும்" என்றீர்கள். அதுவும் சிரித்துக்கொண்டே. என்னிடமா! நேராக வெல்டரிடம் போனேன். அவனும் ஏழு பாகமும் படித்தவன், அதனால் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, மூன்றடி இரும்புப் பட்டையில் கைப்பிடியோடு ஒரு இடிநாக்கு செய்து கொடுத்தான். அன்றைக்குத் தங்கள் கடை ஷட்டருக்கு கிரீஸ் போட வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தேன். வந்தேன். ஷட்டர் மூடியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருப்பீர்கள் என்று நினைத்து, ஏணியில் ஏறி மேல்மூடியைக் கழற்றி கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து தாங்கள் சங்கிலியை இழுத்து ஷட்டரை ஏற்ற ஆரம்பித்தீர்கள். பல்சக்கரம் என் கண்ணெதிரில் சுற்றுகிறது. வாள் என் இடுப்பில் இருக்கிறது. இந்த நிலைமையில் எந்த மனுஷனால் சும்மா இருக்க முடியும், சொல்லுங்கள்?

செருகினேன். நின்றது. சரியாக முழங்கால் உயரம்! அளந்து வைத்ததுபோல! "நிரூபிச்சாச்சு மாப்பிள்ளை!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை தையல்காரர் ஊசியைக் கையில் குத்திக்கொண்டார்.

உள்ளே சம்பந்தி வீட்டார் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? தங்கள் மகளை, நம் வாலுவைக் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் அப்பா அம்மா கண் பரிசோதனைக்கு வந்திருந்ததும், அந்தம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் படக்கூடாது என்று ஷட்டரை இறக்கி வைத்திருந்ததும் என்னிடம் யாராவது சொன்னீர்களா? "என்ன சத்தம்? எனக்கு ஒண்ணுமே தெரியலையே! கண்ணு போயிடுச்சா?" என்று அந்தம்மா அலறியது எனக்கும் கேட்டது. வாளை உருவப் பார்த்தேன், வரவில்லை. சுத்தியலால் தட்டினேன், இன்னும் உள்ளே போனது. ஏணியிலிருந்து இறங்கிக் குனிந்து, "அம்மா, கொஞ்சம் படுத்து ஊர்ந்து வந்துடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். "ஊர்ந்து வர நான் என்ன எதிரிப் படையா?" என்று அந்தம்மா கேட்டுவிட்டார். எனக்கு அப்போது ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம், அட, இவர்களும் படித்திருக்கிறார்களா என்று சந்தோஷம். அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிட்டது, அதுதான் நான் செய்த தப்பு. வெல்டர் வந்து, தான் செய்த வாளைத் தானே அறுத்தெடுக்க இரண்டே கால் மணி நேரம் ஆனது. ஷட்டர் ஏறியதும் நீ வெளியே வந்து, அத்தனை பேர் முன்னால், "அத்தான், இனிமே என் கடைப் பக்கம் வராதீங்க, வீட்டுப் பக்கமும் வராதீங்க" என்று சொன்னாய்.

பார், "நீ" வந்துவிட்டது. வந்தது வரட்டும், இனிமேல் தாங்கள் கீங்கள் எல்லாம் என்னால் முடியாது. ஆறு வாரமாகிறது. போன் அடித்தாலே நீயோ என்று எழுந்திருக்கிறேன், எழுந்ததற்கு முழங்கால்தான் வலிக்கிறது. உன் அக்காவிடம் நியாயம் கேட்டால், "இல்லாத ஊருக்காக இருக்கிற உறவைக் கெடுத்துக்கிட்டு நிக்கிறீங்களே, ரெண்டு பேருக்கும் வயசாச்சா இல்லையா?" என்கிறாள். அதில் பாதித் திட்டு உனக்கு, அதையும் சேர்த்து நான் ஒருவனே வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சரி, கடைப் பக்கம் வராதே என்றாய், வரவில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகை உன் அக்கா பெயருக்கு மட்டும் வருகிறது! ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் படிக்கிறேன். திங்கட்கிழமை பத்து மணி, பதிவு அலுவலகம். என் பெயர் எங்கும் இல்லை. "எனக்கு எங்கே?" என்றேன். "உங்களுக்கு வந்ததை நீங்கதான் பார்க்கணும்" என்றாள். வந்தால்தானே பார்க்க!

எனக்கு வந்தது வேறு. இருபது நாளுக்கு முன்னால், உன்னிடம் இருந்த என்னுடைய ஐந்தாம் பாகத்தை ஒரு பையில் போட்டு அக்காவிடம் கொடுத்தனுப்பினாயே, அதுதான். எட்டு வருஷமாக உன் வீட்டில் இருந்த புத்தகம் அது. இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று இதைவிடத் தெளிவாக ஒருத்தன் சொல்ல முடியாது. பையோடு தூக்கி பீரோ மேல் போட்டுவிட்டேன். உன் அக்கா இதுவரை மூன்று தடவை "அந்தப் புத்தகத்தை ஒரு தரம் திறந்துதான் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டாள். தம்பி கட்சிதான் சரி என்று புத்தகத்தைக் காட்டி என் மூக்கை உடைக்கப் பார்க்கிறாள், எனக்குப் புரியாதா? நாற்பத்தோராம் அத்தியாயம் எனக்கு மனப்பாடம். திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

வாலுவைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்பது வயதில் என் ஏணியில் ஏறிக் கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டாளே, ஆறு வாரம் மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது முதல் பாகத்தை வாசித்துக் காட்டியது யார்? வேலைக்குப் போகும் முன்னால் ஒரு அத்தியாயம், வந்த பிறகு ஒரு அத்தியாயம். "மாமா, குதிரை மாதிரி கனைச்சுக்கிட்டே படிங்க" என்பாள். கனைத்தேன். தளபதி வரும் இடத்திலெல்லாம் எழுந்து நின்று படித்தேன். நம் மூவருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்ததே அந்தக் கட்டிலில்தான். அந்தக் குழந்தை கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ளும்போது நான் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டுமாம். எழுதும்போதே கண் கலங்குகிறது. கண்ணாடியில் பவர் ஏறியிருக்கும், வேறொன்றுமில்லை; பரிசோதிக்க வேறு கடை பார்த்துக்கொள்கிறேன்.

ஆகவே என் முடிவு இதுதான். நானாக வரமாட்டேன். கூப்பிட்டாலும் சும்மா வரமாட்டேன். "தளபதி துரோகி இல்லை" என்று உன் கைப்பட ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. பென்சிலில் எழுதினாலும் சரி. அது வராதவரை நானும் என் கொள்கையும் வீட்டிலேயே இருப்போம்.

வாலுவுக்கும் மாப்பிள்ளைப் பையனுக்கும் எந்தக் குறையும் வராமல், எந்தக் கதவும் பாதியில் நிற்காமல், நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். சம்பந்தியம்மாவின் கண் தெளிந்ததா என்று விசாரித்ததாகச் சொல்லவும். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கொள்கையில் உறுதியுடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன், எதற்கும் பக்க எண்ணைக் குறிப்பிட்டால் உனக்கு வாயடைத்துப் போகுமே என்று பீரோ மேலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்தேன். நாற்பத்தோராம் அத்தியாயம் தானாகத் திறந்தது. உள்ளே ஒரு பத்திரிகை இருந்தது. உறைமேல் என் பெயர்தான். அதில் வாலு எழுதியிருக்கிறாள்: "மாமா, சாட்சிக் கையெழுத்து போட மூணு பேர் வேணும். மூணாவது நீங்க. உங்களைக் கேக்காமலே பேரைக் குடுத்துட்டேன். நீங்க வராம நான் பேனாவைத் தொடமாட்டேன்." புத்தகப் பக்கத்தின் ஓரத்தில் உன் கையெழுத்து, பென்சிலில்: "தளபதி துரோகி இல்லைன்னே வெச்சுக்குவோம் அத்தான். திங்கட்கிழமை வந்துடுங்க. புத்தகம் கைக்கு வந்த அஞ்சாவது நிமிஷம் இந்தப் பக்கத்தைத் திறப்பீங்கன்னு தெரியும், அதான் இங்கே வெச்சேன்." இருபது நாளாக மாப்பிள்ளை! இருபது நாளாக என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. உன் அக்காவிடம், "சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். "மூணு தடவை சொன்னேன்" என்கிறாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதே பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். நீலவாயில் கோட்டைக் கதவில் பல்சக்கரமே இல்லை. வடம் கட்டி, மறுமுனையில் கல்லைத் தொங்கவிட்டு ஏற்றி இறக்குகிறார்கள். பல்சக்கரம் வருவது மூன்றாம் பாகத்துத் தொங்குபாலத்தில். பார்த்த இடத்திலெல்லாம் பல்சக்கரம் தெரிவது என் தொழில் கோளாறு. வாள் எங்கே என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தளபதி துரோகியாகவே இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அவனா வாலுவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப்போகிறான்?

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், உன் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், இதைக் கையோடு உன்னிடம் கொடுத்துவிடுவாளாம். அதனால் பின்குறிப்பை முதலில் படி, மற்றதைப் படிக்காதே. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே பதிவு அலுவலக வாசலில் நிற்பேன். அந்த அலுவலகத்து ஷட்டர் எனக்குத் தெரியும், காலையில் ஏறுவதற்குக் கொஞ்சம் மக்கர் பண்ணும். எண்ணெய் கொண்டு வருகிறேன். அறுத்தது போக மிச்சமிருக்கும் வாள் வீட்டிலேயே இருக்கும்.