பட்டு இறாலும் அடையாற்றுக் கொடுவாவும்

நாவே, நடுங்காது சொல்: தெற்கு மாடவீதியின் மாணிக்கமும், கருங்கோட்டு வேந்தனும், காபி அருந்தியன்றிக் கண்விழியாத கடுந்தவத்தோனுமாகிய மயிலாப்பூர் வக்கீல் சந்திரமௌலி, அடையாற்று முகத்துவாரத்தில் கொடுவா மீனோடு பொருத பெரும்போரை!

புலால் உண்ணாத வீட்டு வீரன் மீன்போருக்கு எழுந்தது ஏன் என்பீரேல், கேண்மின். கோடை விடுமுறையில் நீலகிரி சென்றவன், இறகால் கட்டிய பொய் ஈயை வெள்ளைத் துரைமார் சாட்டையெனச் சுழற்றி ஓடையில் வீசுவதையும், டிரவுட் மீன்கள் அதை மெய்யென நம்பி மடிவதையும் கண்டான். நெஞ்சில் தீ மூண்டது. சீமைக்குக் கப்பலேறவிருந்த துரை ஒருவரிடம் மூங்கில் தூண்டிலை வாங்கினான். கொடுவா விரும்பும் உயிருள்ள இறாலைத் தொடக் கூசிய அவன் விரல்கள், இல்லக்கிழத்தி நீரஜாவின் அரக்குப் பட்டு முந்தானை நூலும், ஆருயிர்த் தோழனும் திருவல்லிக்கேணி அத்தர் வணிகனுமாகிய வலியுல்லாவின் சேவல் ஈந்த செவ்விறகும் சேர்த்து, கூன்முதுகும் நெடுமீசையும் உடையதொரு பட்டு இறாலைத் தூண்டில் முள்ளின்மேல் படைத்தன.

அம்மட்டோ! "உம்ம சம்பந்தி விருந்துக்கு மீன் என் பொறுப்பு ஓய்!" என்று முழங்கியும் விட்டான். அச்சொல்லை நம்பி, வலியுல்லாவின் மனையாள் குல்சும் கறியே வாங்கவில்லை.

ஞாயிறு புலர்ந்தது. கரையில் கால் ஊன்றி வீரன் வீசினான். விண்ணில் அரவெனச் சீறிய கயிறு, பின்னே கோணியோடு நின்ற வலியுல்லாவின் துருக்கித் தொப்பியைக் கவர்ந்து ஆற்றிலிட்டது.

"யா அல்லா! மீனு அங்க கீது சாப், என் தலையில இல்ல!" என்றான் தோழன்.

தொப்பி மீட்கப்பட்டது, போர் தொடர்ந்தது. மறுமுறை வீசிய பட்டு இறால் நீரில் அமிழ, அஞ்சிப் பின்வாங்கும் இறாலைப் போலவே அதனைச் சிறுகச் சிறுக வெட்டி இழுத்தான். அக்கணம், வெள்ளிக் கவசமும் முள் மகுடமும் தரித்த நீர்வேந்தன் கொடுவா, பாலத்து நிழலினின்றும் பாய்ந்து கவ்வினான்! மூங்கில் வில்லென வளைந்தது, நூற்சக்கரம் ஓலமிட்டது, நாரைகள் திசைதோறும் சிதறின.

"மாட்டிண்டுடுத்து ஓய்! ஓடி வாரும்! நீர் பிடியும், நான் தொடமாட்டேன்!" என்னும் போர்முழக்கம் இருகரையும் அதிர்த்தது.

பாய்ந்தான் வலியுல்லா, பாய்ந்தவன் முழங்கால்வரை சேற்றில் புதைந்தான். "காலு மாட்டிக்கினு கீது சாப்! நீங்களே புடிங்க! வூட்ல கறிகூட வாங்கல!"

கரையோர ஆழமில்லா நீரில் கொடுவா புரண்டது; வாயோரம் முள் தளர்ந்து நழுவிற்று. ஒருபுறம் தலைமுறை தலைமுறையாய்க் காத்த ஆசாரம். மறுபுறம் பசியோடு வரும் சம்பந்தியர். கண்களை இறுக மூடினான் சந்திரமௌலி. பின், வழுவழுத்துத் துள்ளிய அப்பகைவனை இருகையாலும் வாரி, பச்சிளங் குழவியை அணைப்பான்போல் பூணூல் மார்போடு தழுவிக் கரையேறிக் கோணியிலிட்டான். தேவர் பூமாரி பொழிந்திலர். பாலத்தின்மேல் சென்ற சைதாப்பேட்டை பஸ்ஸின் சன்னல்களில் மட்டும் சில தலைகள் நீண்டன. தோழனைச் சேற்றினின்றும் இழுத்தெடுத்து, மீனைத் திருவல்லிக்கேணிக்கு வழியனுப்பி, செதில் மின்னும் மார்பும் வெற்றி பொங்கும் விழியுமாய் மயிலை புகுந்தான் மாவீரன்.

நீரஜா வாசலிலேயே நிறுத்தி, கொல்லைப்பக்கமாகப் போய்க் கிணற்றடியில் குளித்துவிட்டு வரச் சொன்னாள்.