சிவப்பணுவுக்குள் ஒரு புள்ளி

“ரத்தம் பார்க்காமல் மாத்திரை எழுத மாட்டேன்” என்று டாக்டர் சொன்னதும், காசிமாயனுக்குக் காய்ச்சலோடு நடுக்கமும் சேர்ந்துகொண்டது. தேவாரத்துத் தோட்டத்தில் புகுந்த யானையைத் தீப்பந்தத்தோடு விரட்டியவர் அவர். ஊசி என்றால் மட்டும் உயிரே போய்விடும். அது ஊருக்குத் தெரியாது.

போடி லேபில் ரத்தம் எடுக்கும் சுசித்ராவிடம் கம்பீரமாகக் கை நீட்டினார், டியூப்புக்குத்தான்.

“குடு தாயி. குரங்கணி எஸ்டேட் நர்சு எனக்குப் பழக்கம். அங்கன எடுத்துக் கொண்டாறேன்.”

அன்று மதியம் மனைவி ஜக்கம்மாள் மிளகு அரைத்துக்கொண்டிருக்க, கோழியை அவரே கொல்லைப்பக்கம் கொண்டுபோய் அறுத்தார். டியூப்பும் நிறைந்தது.

மறுநாள் ரிப்போர்ட் வாங்கப் போன ஜக்கம்மாள், திரும்பி வந்து அவரையும் லேபுக்கு இழுத்துப்போனாள்.

“அண்ணே, மனுசங்க சிவப்பணுவுல உட்கரு இருக்காது” என்றாள் சுசித்ரா. “உங்களுக்கு ஒவ்வொண்ணுலயும் புள்ளி வச்ச மாதிரி இருக்கு. இன்னொருக்கா எடுக்கணும்.”

ஜக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். உண்மையைச் சொன்னால் மானம் போகும். காசிமாயன் இன்னொரு டியூப்பை வாங்கிக்கொண்டு கறிக்கடைக்குப் போனார். இந்தத் தடவை ஆடு.

“இப்ப உட்கரு இல்லண்ணே. ஆனா அணுவெல்லாம் பாதியாச் சுருங்கிப்போச்சு. ஒரே நாள்ல!” சுசித்ராவின் குரல் தாழ்ந்தது. “மதுரைக்குப் போயி இடுப்பெலும்புக்குள்ள ஊசி விட்டுப் பாக்கணும். ரத்தம் ஊறுறதே அங்கனதான்.”

“எம்புட்டு ஊசி?”

ஆள்காட்டி விரலை முழுசாக நீட்டிக் காட்டினாள்.

“இந்த மனுசன் இல்லாம நான் என்ன செய்வேன்!” என்று ஜக்கம்மாள் மறுபடி குலுங்கினாள். அந்தப் பேச்சில் அவர் உடைந்துபோனார். இருபது வருசம் கூடப் பாடுபட்டவளை ஒரு ஊசிக்குப் பயந்து அழவைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

சட்டைக் கையைச் சுருட்டி, கண்ணை இறுக மூடினார்.

“இதுல எடு தாயி, வெரசா! அந்த நர்சுக்கு எடுக்கத் தெரியல.”

ஊசி இறங்கியது. உயிர் போகவில்லை.

சற்று நேரத்தில் சுசித்ரா மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். “அணு அளவாத்தான் இருக்கு, புள்ளியும் இல்ல. மத்த டெஸ்ட்டுல டைபாய்டுன்னு வருது. மாத்திரையில சரியாயிரும்.”

காசிமாயன் மீசையைத் தடவினார். “பாத்தியா, நம்ம ஒடம்பு தானாவே எல்லாத்தையும் சரி பண்ணிக்கிருச்சு.”

சுசித்ரா ஜக்கம்மாளின் முந்தானையைப் பிடித்து விலக்கினாள்.

“சிரிச்சது போதும் மதினி. மொதல்ல வந்தது கோழி, அடுத்து வந்தது ஆடுன்னு நமக்கு அப்பவே தெரியும்னு அண்ணன்கிட்டச் சொல்லிரலாமா?”