நாற்பத்தோராம் பக்கத்துக் கரடி

உலகத்தில் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் பல லட்சம் பேர் இருக்கலாம். ஆனால் கற்பிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டே இருப்பவர்களில் நம் டீச்சருக்கு நிகர் டீச்சர்தான். ஆறு ஆண்டுகளில் முப்பத்தெட்டுப் பயிற்சிகள், முப்பத்தெட்டுச் சான்றிதழ்கள். அலமாரி முழுவதும் சான்றிதழ் ஆகிவிட்டதால் அவருடைய கணவர் தன் சட்டைகளை நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தார். கல்வி வளர்ச்சிக்கு ஒரு மனிதன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

இவ்வளவு பெருமைக்கு நடுவே டீச்சருக்கு ஓர் அற்ப ஆசை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கதை ஆரம்பித்திருந்தார். மழைக்கு ஒதுங்கி ஒரு சிறுமி குகைக்குள் போகிறாள். உள்ளே கரடி தூங்குகிறது. நாற்பத்தோராம் பக்கத்தின் கடைசி வரியில் கரடி கண்ணைத் திறந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் பியூன் வந்து நின்றார், கையில் பயிற்சிக்கு அழைக்கும் சுற்றறிக்கை.

அது பள்ளி திறந்த இரண்டாம் வாரம். இப்போது ஆண்டு முடியப் பதினைந்தே நாள். பயிற்சி, பயிற்சி பற்றிய அறிக்கை, அறிக்கை எழுதுவதற்கான பயிற்சி என்று டீச்சர் ஓடிக்கொண்டே இருந்தார். கரடி இன்னும் கண்ணை மூடவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தக் கதையை முடித்துவிட்டால் போதும் என்று டீச்சர் தவித்தார்.

கடைசியாக வந்தது 'மாணவரோடு அதிக நேரம் செலவிடுவது எப்படி?' என்ற பன்னிரண்டு நாள் பயிற்சி. நாற்பது ஆசிரியர்கள் வட்டமாக நின்று ஒருவருக்கொருவர் பந்து எறிந்தார்கள். பிறகு சுவரில் மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள். பிறகு ஒட்டியதைப் பிரித்தார்கள்.

"சார், ஒரே ஒரு பீரியடு விடுங்க. வகுப்புக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்" என்றார் டீச்சர்.

பயிற்றுநர் பதறிப்போனார். "வகுப்புக்கா? ஏன் மேடம், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார். கரடி முழிச்சுக்கிச்சு. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"போன தடவை ஒருத்தங்க இப்படித்தான் போனாங்க. பிள்ளைங்க முகத்தைப் பாத்ததும் நாங்க சொல்லிக்குடுத்தது அத்தனையும் மறந்துபோச்சு அவங்களுக்கு. பேசாம பந்தைப் பிடிங்க மேடம்."

டீச்சர் பந்தைப் பிடித்தார்.

பன்னிரண்டாம் நாள், பயிற்சியின் பலனை நேரில் கண்டறிய பயிற்றுநரும் டீச்சரோடு பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் முதலில் தன் அறையிலிருந்த 'கற்றல் வளப் பெட்டி'யைத் திறந்து காட்டினார். படஅட்டைகள், கைப்பொம்மைகள், எல்லாம் கண்ணாடித்தாள் கூடப் பிரிக்காமல் பளபளத்தன.

"மூணு வருஷமாச்சு சார். ஒரு பிள்ளை கை படலை!"

"அருமை" என்று பயிற்றுநர் குறித்துக்கொண்டார்.

ஏழாம் வகுப்பில் ரகளையாக இருக்கும் என்று டீச்சர் பயந்துகொண்டே போனார். ரகளைதான். ஆனால் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ரகளை. நடுவில் டீச்சரின் நாற்காலியில் பியூன்.

அவர் எழுந்து தலையைச் சொறிந்தார். "சத்தம் போடாம பாத்துக்கன்னு ஹெட்மாஸ்டர் ஐயா உக்கார வெச்சாரும்மா. எனக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. ஆனா கரடி முழிச்சப்ப நானும் வாசல்லதானே நின்னேன்? மனசு கேக்கலை. என்னடா ஆச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு கதை விட்டாங்க. புத்தகத்துல காட்டுங்கடான்னு பிடிச்சுக்கிட்டேன். அகராதியைத் தூக்கிட்டு வந்து, அடிச்சுப் பிடிச்சுப் படிச்சுச் சொல்றாங்கம்மா!"

"கடைசிப் பக்கம் மட்டும் படிக்கலை டீச்சர்" என்றாள் முன்வரிசைச் சிறுமி. "நீங்க வரட்டும்னு வெச்சிருக்கோம்."

டீச்சர் சந்தோஷமாகப் புத்தகத்தை வாங்கினார்.

"நிறுத்துங்க!" பயிற்றுநர் பரவசத்தில் கத்தினார். "ஆசிரியரே இல்லாம ஒரு வகுப்பு படிச்சிருக்கு! இதுக்குக் காரணம் யாரு? நாங்க! இவங்களை இந்தப் பக்கமே வரவிடாமப் பாத்துக்கிட்டது நாங்கதானே? நாளைக்கே எல்லா ஆசிரியருக்கும் இதுல இருபது நாள் பயிற்சி. மேடம், நீங்கதான் தலைமைப் பயிற்றுநர். இவரையும் அனுப்பிவைங்க" என்று பியூனைக் காட்டினார். "பயிற்சி இல்லாமலே இப்படின்னா, பயிற்சி குடுத்தா எங்கயோ போயிடுவார்!"

பியூன் நாற்காலியின் பின்னால் ஒளிந்தார். டீச்சர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

முன்வரிசைச் சிறுமி மெல்லக் கையைத் தூக்கினாள். "சார், நீங்க எந்த வகுப்புக்கு டீச்சர்?"

"வகுப்பா? நான் பயிற்சிக்கு வந்து இருபது வருஷமாச்சும்மா" என்றார் பெருமையாக.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி... ஆறாம் வகுப்பு."

"அப்ப நீங்களும் ஒரு கதையைப் பாதியில விட்டுட்டுத்தானே வந்திருப்பீங்க?"

பயிற்றுநர் குறிப்பேட்டை மெல்ல மூடினார்.

"ஐயோ, பாவம் சார் உங்க ஆறாம் வகுப்பு!" என்றாள் சிறுமி. "இந்நேரம் அவங்களுக்கே கல்யாணமாகிப் பிள்ளைங்க இருக்கும். முடிவு என்னன்னு கேட்டா, அந்தப் பிள்ளைங்களுக்கு என்ன சார் சொல்வாங்க?"